மாயவன் பூசிய ஓரம்

தரை போடுகிறவனுக்குத்தான் எப்போதும் பேர். கண்ணாடி மாதிரி மின்னுகிற எபாக்ஸி தரையைப் பார்த்ததும் வருகிறவர்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் அசந்து நின்றுவிடுவார்கள். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் ஒருத்தன் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின்னுக்குப் பின்னுக்கு நகர்ந்து, முட்டி தேய ஓரம் பூசியிருப்பானே, அதை எவன் குனிந்து பார்க்கிறான்? கோலியனூர் மாயவன் இருபது வருஷமாக அந்த ஓரத்தில் உட்கார்ந்தவன். மருந்துக் கம்பெனி, பால் பண்ணை, ஆஸ்பத்திரி என்று அவன் பூசாத இடம் இல்லை. ஒரு இடத்திலும் ஒருத்தரும் அவன் பேரைக் கேட்டதில்லை.

திண்டிவனத்தில் அவன் தங்கச்சி கிருஷ்ணவேணி வாடகைக்கு எடுத்திருந்த ஷெட்டில் மட்டும் நிலைமை தலைகீழ். அங்கே ஓரம்தான் பேச்சு. கேப்பையும், மல்லாட்டை என்று அவர்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலையும் வறுத்து அரைத்து அவள் செய்கிற சத்துமாவுக்கு லைசென்ஸ் வேண்டும். முதல் தடவை பார்க்க வந்த உணவுப் பாதுகாப்பு அலுவலர் சக்கரபாணி நல்ல மனுஷன்தான். பழைய சைக்கிள் குடோனாக இருந்த அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தரையில வெடிப்பு இருக்கக் கூடாதும்மா. செவுரும் தரையும் சேர்ற எடத்துல மூலையே தெரியக் கூடாது, வளைவா வழவழன்னு இருக்கணும். மூலை இருந்தா மாவு தங்கும், மாவு தங்குனா பூச்சி வரும்" என்றார். சொன்னதோடு, கார்த்திகையில் ஒரு புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மாயவனோடு வேலை செய்கிற அலெக்ஸ் வந்து தரையைப் போட்டுக் கொடுத்தான். நாலு பக்கமும் சுவரிலிருந்து விரல்கடை தள்ளி நிறுத்தினான். அந்த இடைவெளியை நிரப்பி, சுவர்மேல் நாலு அங்குலம் வளைத்து ஏற்றிப் பூச வேண்டியது மாயவன் வேலை.

வேணிக்கு அந்த லைசென்ஸ் வெறும் காகிதம் இல்லை. புருஷன் போய் நாலு வருஷம். விழுப்புரத்தில் மாமியார் காந்திமதி வீட்டில் ஆறு பேருக்கு வடித்துக் கொட்டிக்கொண்டு கிடந்தாள். பால் திரிந்தாலும் சரி, மாடு கன்றைத் தள்ளிப்போட்டாலும் சரி, "அவ கை பட்டது எது வெளங்கிச்சி?" என்பாள் காந்திமதி. மகன் செத்ததிலிருந்து அது அவள் வாயில் ஊறிப்போன பேச்சு. ஆடி மாதம் ஒருநாள், "நான் தனியா நின்னு பொழைச்சிக்கிறேன்" என்று வேணி கிளம்பியபோது அவள் தடுக்கவில்லை. பேத்தி ஷாலினியின் கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"உன் தொழிலு நெலைச்சி நிக்கட்டும். பொங்கலுக்குள்ள நின்னுட்டா வந்து பொண்ண கூட்டிக்கினு போ. இல்லியா, நீயே வந்து சேரு."

ஷாலினிக்கு ஒன்பது வயசு. ஃபோன் பேசும்போதெல்லாம் அவள் கேட்பது ஒன்றுதான். "எடம் ரெடி ஆயிடிச்சாம்மா?" சென்னையில் ஒரு கம்பெனிக்காரர் மாதா மாதம் மாவு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கார்த்திகை முடிவதற்குள் லைசென்ஸ் கையில் இருந்தால் வேணிக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. லைசென்ஸ் வந்தால் பெண் வருவாள், வராவிட்டால் இவள் அந்த அடுப்பங்கரைக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

மாயவன் இந்த வேலையைச் சீர் என்றே எடுத்துக்கொண்டான். வேணி கல்யாணத்தன்று அவன் ஓசூரில் ஒரு கம்பெனித் தரையில் மாட்டிக்கொண்டு, தாலி கட்டி பந்தியும் எடுத்த பிறகுதான் வந்து சேர்ந்தான். அண்ணன்காரன் தட்டு தூக்கி வராத கல்யாணம் என்று காந்திமதி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். "பூரா ஓரத்தையும் நானே பூசித் தர்றேன் வேணி. அன்னைக்கி வைக்காத சீரு இது" என்றான்.

வியாழக்கிழமை சாயந்திரத்துக்குள் சுவரின் அடிப்பக்கத்தை மெஷினால் தேய்த்து, பெயின்ட்டெல்லாம் போய் சிமென்ட் பூச்சு தெரிகிற வரைக்கும் கொண்டுவந்துவிட்டான். இடைவெளியில் இருந்த தூசியையும் உறிஞ்சி எடுத்தான். கோலியனூருக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்கி காலைல ஆரம்பிச்சிடறேன். எடம் சுத்தமா இருக்கட்டும் வேணி, பொட்டுத் தூசி இருக்கக் கூடாது" என்றான்.

அதோடு நிறுத்திக்கொண்டான் பாருங்கள். தண்ணி படக் கூடாது என்று சேர்த்து ஒரு வார்த்தை சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அவன் வேலை செய்கிற இடங்களில் சுத்தம் என்றால் மெஷின் வைத்துத் தூசியை இழுப்பது. அதையே இருபது வருஷமாகப் பார்த்தவனுக்கு உலகத்தில் வேறு சுத்தம் இருப்பதே மறந்துபோயிருந்தது. மறுநாளோ வெள்ளிக்கிழமை. அண்ணன் சீர் தொடங்குகிற நாள். வேணி சும்மா இருப்பாளா?

காலையில் அவன் வந்து சேர்ந்தபோது வாசலில் கோலம். உள்ளே நுழைவதற்கு முன்பே மஞ்சள் வாசனை மூக்கில் ஏறியது. வேணி தலைக்குக் குளித்து, ஈர முடியைத் துண்டால் முடிந்துகொண்டு நின்றாள். அவள் முகத்தை அவ்வளவு தெளிச்சியாக அவன் பார்த்து வருஷங்கள் ஆயிற்று.

"விடியறதுக்குள்ள எழுந்துட்டேன்ணா. பன்னெண்டு கொடம் தண்ணி. ஒரு மூலை விடல, மஞ்சத்தண்ணி ஊத்தி, செவுத்தோரம் பூரா வெளக்கமாறு போட்டுத் தேச்சிட்டேன். தரைய தொடச்சி எடுத்துட்டேன். பாரு, சுத்தமா இருக்குதா?"

தரை மின்னியது. அதில் குறையே இல்லை. ஆனால் தரைக்கும் சுவருக்கும் நடுவே அலெக்ஸ் விட்டிருந்த இடைவெளி நாலு பக்கமும் வாய்க்கால் மாதிரி நிரம்பி, மஞ்சள் தண்ணீர் அசையாமல் நின்றிருந்தது. பெயின்ட் உரித்த சுவர் அதைக் குடித்துக் குடித்து ஒரு ஜாண் உயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது. ஈரச் சுவரில் எபாக்ஸி ஒட்டாது. இது அந்தத் தொழிலில் முதல் நாள் வருகிறவனுக்கும் தெரியும்.

வேறு எவன் செய்திருந்தாலும் பூச்சுக் கரண்டியைத் தூக்கி வீசியிருப்பான். அவன் கோபக்காரன்தான், கம்பெனி இன்ஜினியரையே எதிர்த்துப் பேசியவன். இங்கே மட்டும் கரண்டி பைக்குள்ளேயே கிடந்தது.

"இன்னாண்ணா அப்படிப் பாக்கற? சரியா பண்ணலையா நானு?"

கேட்டபோது அவள் குரல் லேசாக இறங்கியது. கை தானாகப் பின்னால் போய் மறைந்தது. அந்தக் கையைப் பற்றிக் காந்திமதி சொல்வது அவன் காதில் விழுந்தது. அவ்வளவுதான், அவன் தோற்றுவிட்டான்.

"சேச்சே. நல்லா பண்ணியிருக்கற. கொஞ்சம் காயணும், அவ்ளோதான். ஒண்ணும் ஆவாது."

ஒண்ணும் ஆவாதாம். இந்தப் பாழாய்ப்போன இரண்டு வார்த்தையைச் சொல்லியே நம் ஆட்கள் பாதிப் பேர் குடி கெட்டிருக்கிறது.

பழந்துணி போட்டு ஒற்றி எடுத்துப் பக்கெட்டில் பிழிந்தான். மூன்று ஃபேன் வைத்தான். சூடு காற்று ஊதுகிற மெஷினைக் கடன் வாங்கி வந்து சுவரோரமாக நாள் முழுக்கப் பிடித்தான். வெளியே கார்த்திகைத் தூறல் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மதியம் சுவர் வெளுத்துப் பார்வைக்குக் காய்ந்தது போல ஆகிவிட்டது. பார்வையை அவன் நம்புகிறவன் இல்லை. நாலு சுவரிலும் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினான். ஒருநாள் விட்டுப் பார்த்தால் உள்ளே ஈரம் இருக்கிற சுவர் வேர்த்துக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தான். நாலு தாளுக்கு அடியிலும் முத்து முத்தாகத் தண்ணீர். வடக்குச் சுவரில் வழிந்தே இருந்தது.

அலெக்ஸுக்கு ஃபோன் போட்டான். விஷயத்தைக் கேட்டதும் அவன் பதறிவிட்டான். "மாயா, கைய வைக்காத. ஒரு வாரம் அப்படியே வுடு. ஆப்பீசருக்கு ஒரு ஃபோன் போட்டு தேதி தள்ளிக் கேக்கச் சொல்லு உன் தங்கச்சிய. இப்ப பூசுனா பேஜாரு ஆயிடும், சொல்லிட்டேன்."

"சரி" என்றான் மாயவன்.

சரி என்றானே ஒழிய, அதை அவளிடம் எப்படிச் சொல்வது? தேதி ஏன் தள்ள வேண்டும் என்பாள். சுவர் ஈரம் என்றால் ஏன் ஈரம் என்பாள். அப்புறம் அந்தப் பன்னிரண்டு குடம் வந்துவிடும். 'என் கையாலேயே கெடுத்துக்கினேனா' என்று அவள் ஒரு தடவை நினைத்துவிட்டால், நாலு வருஷமாகக் காந்திமதி சொன்னதெல்லாம் வேதமாகிவிடும். டீ கிளாஸோடு அவள் வருகிற சத்தம் கேட்டது. கட்டை விரலால் சுவரைத் துடைத்துவிட்டு, தாள்களைக் கசக்கி பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"எதுக்குண்ணா செவுத்துல பிளாஸ்டிக்கு ஒட்டுன?"

"சும்மா. தூசி படாம இருக்கட்டும்னு."

அன்றைக்கும் மறுநாளும் அவன் பூசிய பூச்சு இருக்கிறதே, அவன் ஆயுசில் அதைப் போல ஒன்று பூசியதில்லை. சுவரில் நாலு அங்குலத்துக்கு நூல் பிடித்து டேப் ஒட்டினான். அடிப்பூச்சாக முதல் கோட்டு அடித்தான். எபாக்ஸி மருந்தையும் அதை இறுக வைக்கிற ஹார்டனரையும் அளந்து, மணலைக் கொட்டி, அரை மணி நேரத்துக்கு வருகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தான். தாமதித்தால் சட்டியிலேயே கல்லாகிவிடும் சரக்கு. கரண்டியால் அப்பி, பிவிசி பைப்புத் துண்டை வைத்து இழுத்தான். வளைவு அப்படியே விழுந்தது. இறுகுவதற்கு முன்னால் டேப்பை உரித்தபோது கோடு கத்தியால் வெட்டியது போல இருந்தது. மேல்கோட்டும் அடித்து முடித்தபோது தரை எது, சுவர் எது, எங்கே சேருகிறது என்று தெரியவில்லை. வேலை ஓடிய நேரத்தில், ஒருவேளை ஒட்டிக்கொள்ளுமோ என்றுகூட அவனுக்குத் தோன்றிவிட்டது. கை அழகாக ஓடினால் மனசு தப்புக்கணக்குப் போடும்.

செவ்வாய்க்கிழமை வேணி நாலு சுவரையும் சுற்றி விரலால் தடவிக்கொண்டே நடந்தாள். ஷாலினிக்கு ஃபோன் போட்டாள்.

"உங்க மாமா எனக்கு சீரு வெச்சிட்டாருடி."

"அப்ப நான் வரலாமாம்மா?"

"நாளைக்கி ஆப்பீசர் வந்துட்டுப் போவட்டும். அப்புறம் நானே வந்து கூட்டிக்கினு வர்றேன்."

அவள் பேசி முடிப்பதற்குள் மாயவன் வடக்குச் சுவரோரம் உட்கார்ந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். ஒட்டிய ஓரம் கல் மாதிரி கட்டென்று சத்தம் கொடுக்கும். இது காலி டப்பாவைத் தட்டியது போல டொக்கென்றது. ஒரு அடி தள்ளித் தட்டினான். அங்கேயும் டொக். அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் எழுந்து, "நான் கெளம்பறேன் வேணி" என்றான்.

புதன்கிழமை பதினோரு மணிக்குச் சக்கரபாணி வந்தார். மாயவனும் காலையிலேயே வந்து நின்றிருந்தான். தரையைப் பார்த்துத் தலையாட்டினார். ஜன்னல் வலை, கை கழுவுகிற தொட்டி, மாவு சல்லடை, எல்லாம் சரி. ஃபைலில் டிக் அடித்துக்கொண்டே வந்தார். வேணியின் கண் அந்தப் பேனாவோடு போய்க்கொண்டிருந்தது. வடக்குச் சுவர் பக்கம் வந்ததும் பேன்ட்டை லேசாகத் தூக்கிவிட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். இருபது வருஷத்தில் மாயவன் பூசிய ஓரத்தைக் குனிந்து பார்த்த முதல் ஆள் அவர்தான்.

ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கொப்புளம் கிளம்பியிருந்தது. அதன்மேல் பேனாவால் தட்டினார். கட்டை விரலால் அமுக்கினார். வெந்த தோசை கல்லை விட்டு எழும்புகிற மாதிரி ஓரம் ஒரு முழ நீளத்துக்குச் சுவரை விட்டு எழும்பியது.

"என்னப்பா இது? செவுரு ஈரமா இருந்துதா?"

வேணி அண்ணனைப் பார்த்தாள்.

"இல்ல சார்" என்றான் மாயவன். "ஹார்டனர் கம்மியா கலந்துட்டேன். என் தப்பு சார்."

"இதுக்குள்ள மாவு போனா பூச்சிக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி. நான் எப்படிம்மா எழுதிக் குடுக்கறது?"

"பூரா பேத்துட்டு மறுபடியும் போட்டுடறோம் சார்" என்றாள் வேணி. "அடுத்த வாரம் வந்து பாருங்க."

"இனிமே ஜனவரி கடைசிலதான்மா எனக்கு நாள். அதுக்கு முன்னாடி இருக்கற நாளெல்லாம் வேற எடங்களுக்குக் குறிச்சாச்சு." அவர் எழுந்து பேனாவை மூடினார். அவருக்கே கஷ்டமாக இருந்தது. "வேலை முடியலன்னா திங்கக்கிழமைக்குள்ள ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமேம்மா. அடுத்த புதனுக்கு மாத்தி வெச்சிருப்பேன். ரெண்டு பேரு அப்படித்தான் கேட்டு மாத்திக்கினாங்க."

மாயவனுக்கு அந்தப் பேச்சு செவிட்டில் அறைந்தது. ஒரு ஃபோன். ஞாயிற்றுக்கிழமை அவன் கட்டை விரலால் துடைத்தானே, அது சுவர் ஈரம் இல்லை, அந்த ஃபோன்.

சக்கரபாணி போன பிறகு வேணி சென்னைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் வந்து மாயவன் முன்னால் நின்றாள்.

"நான் ஊத்துன தண்ணியாலயாண்ணா?"

"அதுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்? அளவு தப்பிடுச்சி. என் கைதான் வேணி."

"இருபது வருஷமா பண்றியே."

அவன் குனிந்து பையில் உளியைத் தேடினான்.

"கல்யாணத்துக்குத்தான் வரல" என்று ஆரம்பித்தவள் மேலே சொல்லாமல் பின்கட்டுக்குப் போய்விட்டாள். சல்லடைகளையும் தேக்சாப் பாத்திரங்களையும் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது. திட்டட்டும் என்று அவன் நினைத்தான். தன்னைத் திட்டிக்கொள்வதைவிட அண்ணனைத் திட்டுவது அவளுக்கு நல்லது. தான் செய்த காரியத்தில் அது ஒன்றாவது மிஞ்சட்டும்.

உளியை எடுத்து ஓரத்தைப் பேர்த்தான். பேர்க்க வேண்டிய வேலையே இல்லை, நுனியைக் கிளப்பினால் முழம் முழமாகக் கழன்று வந்தது. ஒரு துண்டைத் திருப்பியவன் சட்டென்று திரும்பவும் கவிழ்த்து வைத்தான். மேல்பக்கம் சாம்பல் நிறம். சுவரைத் தொட்டிருந்த அடிப்பக்கம் முழுக்க மஞ்சள். தூக்கிப் போய் யாரிடமும் காட்ட வேண்டாம், பார்த்தாலே தெரியும். பின்கட்டுச் சத்தத்தில் ஒரு காதை வைத்துக்கொண்டு, எல்லாத் துண்டையும் மடமடவென்று உடைத்துச் சிமென்ட் சாக்கில் அடைத்து வாயைக் கட்டினான்.

சாயந்திரம் இரண்டு பேரும் விழுப்புரம் பஸ் ஏறினார்கள். "இனிமே இங்க எனக்கு இன்னா வேல இருக்குது?" என்று மட்டும் சொல்லிப் பூட்டைப் பூட்டியிருந்தாள். அவள் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். அவன் கடைசியில், காலுக்கு நடுவே சாக்கு மூட்டையோடு. கூட்டேரிப்பட்டு போயிற்று, விக்கிரவாண்டி டோல்கேட் போயிற்று, அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஷாலினிக்கு என்ன சொல்லப் போகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றவள், தான் வந்து சேரப் போகிறாள். காந்திமதி கேட்க மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். அடுப்பங்கரைப் பக்கம் கையைக் காட்டுவாள்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவன் அவள் பையை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. பையைத் திறந்து, செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இத உன் மூட்டையில போட்டுக்கோண்ணா. சாக்குல அடைக்கும்போது கீழ விழுந்து கெடந்துச்சி."

பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு ஜாண் துண்டு. மஞ்சள் பக்கம் மேலே இருக்கும்படி அவளே வைத்துச் சுற்றியிருந்தாள்.

"வேணி, நான் எதுக்கு சொல்லலன்னா..."

"தெரியும். எங்க அத்த சொல்றத நான் நம்பிடுவேன்னு பயந்துட்ட." அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. குரலும் உயரவில்லை. "வெள்ளிக்கெழமயே என்ன திட்டியிருக்கலாமேண்ணா. ஒரு திட்டுதான? வாங்கிக்கினு ஆப்பீசருக்கு ஃபோன் பண்ணியிருப்பேன்."

சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ நிற்கிற பக்கமாக நடந்தாள். கோலியனூர் வழியாகப் போகிற பஸ் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், பஸ் கிளம்பிப் போனது. அவன் ஏறவில்லை.